எட்டு மணி நேரமும் எட்டாத வீடும்

புதுவையில் இன்று உழைப்பாளி மக்கள் கூடுமிடமெல்லாம் ஒரே கேள்விதான். யூனியன் ஆபீசுக்குச் சந்தா கட்ட வரும் இளம் தோழர்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள், கடைச் சிப்பந்திகள், பள்ளி ஆசிரியைகள், தொழிற்பேட்டையின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் எல்லோரும் கேட்கிறார்கள்: “வாடகை கொடுத்து மாளவில்லை. கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. மீதிக்குக் கடன் தருகிறோம் என்கிறார்கள். டவுனுக்குள் வாங்க வழியே இல்லை. எந்தப் பக்கம் போகலாம்? வில்லியனூரா, அரியாங்குப்பமா, லாஸ்பேட்டையா, அல்லது எல்லையைத் தாண்டிக் கோட்டக்குப்பமா?”

இது சில்லறைக் கேள்வி அல்ல. ஓர் உழைப்பாளிக் குடும்பம் ஆயுளில் ஒரு தடவைதான் இந்த முடிவை எடுக்கிறது. தாலிக்கொடியும், பி.எப். பணமும், ஊரிலிருந்த கால் காணி நிலத்தை விற்ற காசும் அதில்தான் போகின்றன. சரியாக அமைந்தால் பிள்ளைகள் தலையெடுப்பார்கள். தவறிப் போனால் இருபது வருஷம் வட்டி கட்டியே முதுகு ஒடியும்.

இந்தக் கேள்விக்கு இரண்டு தரப்பார் பதில் சொல்லி வருகிறார்கள். ஒரு தரப்பு மனை வியாபாரிகள். “பஸ் ஸ்டாண்டிலிருந்து பதினைந்தே நிமிடம்” என்று பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுக்கிறார்கள். எந்த வாகனத்தில், எந்த நேரத்தில் பதினைந்து நிமிடம் என்பது மட்டும் அந்த விளம்பரத்தில் இராது. இன்னொரு தரப்பு நமது நண்பர்களிலேயே சிலர். “சொந்த வீடு என்பது குட்டி முதலாளித்துவ ஆசை. தொழிலாளிக்கு எதற்கு அந்தப் பேச்சு?” என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு பதிலும் தொழிலாளிக்கு உதவாது.

ஆசை தவறா?

எங்கெல்ஸ் 1872-ஆம் ஆண்டில் வீட்டுப் பிரச்னை பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். தொழிலாளி ஒவ்வொருவனையும் ஒரு சிறு வீட்டுக்குச் சொந்தக்காரன் ஆக்கிவிட்டால் பிரச்னை தீர்ந்துவிடும் என்று அன்று சிலர் பேசி வந்தார்கள். அதற்கு அவர் பதிலடி கொடுத்தார். ஒரே இடத்தில் வீட்டோடு கட்டிப் போடப்பட்ட தொழிலாளி, கூலியைக் குறைத்தாலும் வேறு ஊருக்குப் போக முடியாமல் முதலாளியின் காலடியில் கிடக்க நேரும் என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கை இன்றும் பொருந்துகிறது. மாதத் தவணை பாக்கி இருக்கிறதே என்ற பயத்தால் வேலைநிறுத்தத்துக்குத் தயங்கும் தொழிலாளர்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆனால் எங்கெல்ஸ் சாடியது வீட்டைக் காட்டிச் சுரண்டலை மறைக்கும் கொள்கையைத்தான். மழைக்கு ஒழுகாத கூரை வேண்டும் என்று கேட்கும் தாயை அவர் சாடவில்லை. பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் “வாடகையைக் கூட்டு, இல்லாவிட்டால் காலி பண்ணு” என்று மிரட்டும் வீட்டுக்காரரிடமிருந்து தப்ப நினைப்பது எப்படித் தவறாகும்? எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் மக்களின் சொல். ஆகவே ஆசையைக் குறை சொல்லாமல், அந்த ஆசையை வைத்துக் கொள்ளை லாபம் அடிப்பவர் யார், அதில் சிக்காமல் இருப்பது எப்படி என்று பார்ப்போம்.

நகரத்தைப் பிரித்த வாய்க்கால்

புதுவை பிறந்த நாளிலிருந்தே இரண்டு நகரம். கடலோரமாக வெள்ளைக்காரர் நகரம். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் நகரம். பிரெஞ்சு ஏகாதிபத்தியம் வகுத்த கோடு அது. அந்தக் கோட்டுக்கும் வெளியே மூன்றாவதாக ஒரு நகரம் உருவாயிற்று. பஞ்சாலைகளில் உழைத்த மக்கள் முதலியார்பேட்டையிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் குடிசை போட்டுக்கொண்டு, ஆலைச் சங்கு ஊதுமுன் நடந்தே வந்து சேர்ந்தார்கள்.

அந்த மக்கள்தான் 1936 ஜூலை 30-ஆம் நாள் மார்பில் குண்டு ஏந்தினார்கள். பன்னிரண்டு தொழிலாளிகள் மடிந்தார்கள். அந்த ரத்தத்தின் விலையாகத்தான், தோழர் வ. சுப்பையா முன்னின்று நடத்திய போராட்டத்தின் பலனாக, 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலை என்ற உரிமை பிரெஞ்சிந்தியாவில் சட்டமாயிற்று. இந்த எட்டு மணி நேரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வீடு வாங்கும் பேச்சில் அதற்கு என்ன வேலை என்று சற்றுப் பின்னால் சொல்கிறோம்.

1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் கை மாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியான இணைப்பும் முடிந்தது. வெள்ளைக்காரன் போனான். அவன் போட்ட கோடு போயிற்றா? இல்லை. கடலோரத் தெருக்களில் பழைய மாளிகைகள் சொகுசு ஓட்டல்களாக மாறின. சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள பணக்காரர்கள் சனி, ஞாயிறு தங்குவதற்கென்று வீடு வாங்கிப் பூட்டி வைத்தார்கள். 1998-இல் கிழக்குக் கடற்கரைச் சாலை திறந்தபின் இந்த வேகம் பல மடங்காயிற்று. வாய்க்காலுக்கு மேற்கேயும் விலை ஏறிற்று. உழைப்பாளி மக்கள் மேலும் வெளியே தள்ளப்பட்டார்கள். 2011-ஆம் வருஷ மக்கள் தொகைக் கணக்கிலேயே புதுச்சேரி நகராட்சியில் இருந்தவர்கள் சுமார் 2.44 லட்சம் பேர். உழவர்கரை நகராட்சியில் 3 லட்சம் பேர். ஊருக்குப் பெயர் நகரம். ஜனங்கள் வசிப்பது புறநகரம்.

சேரியை இடித்துத் தள்ளினால் அது மறைவதில்லை, வேறிடத்துக்கு நகர்கிறது, அவ்வளவுதான் என்று எங்கெல்ஸ் அன்றே எழுதினார். புதுவையிலும் நடந்திருப்பது இதுவே.

முதல் சோதனை: நேரம்

இனி, எந்தப் பக்கம் வாங்குவது என்ற கேள்விக்கு வருவோம். வியாபாரி சதுர அடிக்கு எத்தனை ரூபாய் என்று கணக்குச் சொல்லுவான். தொழிலாளி முதலில் போடவேண்டிய கணக்கு வேறு. வேலைக்குப் போய்வர எத்தனை மணி நேரம்?

ஒரு வழிக்கு ஒரு மணி என்று வையுங்கள். வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நடப்பது, பஸ்ஸுக்கோ டெம்போவுக்கோ காத்திருப்பது, இந்திரா காந்தி சதுக்கத்திலும் ராஜீவ் காந்தி சதுக்கத்திலும் நெரிசலில் நிற்பது எல்லாம் சேர்ந்தால் இது மிகையான கணக்கல்ல. நாளைக்கு இரண்டு மணி. மாதம் 26 நாளுக்கு 52 மணி. எட்டு மணி வேலைநாளாகக் கணக்கிட்டால் ஆறரை நாள். மாதம் ஆறரை நாள் கூலியில்லாத வேலை! இருபது வருஷக் கடன் முடியும்போது, அந்தத் தொழிலாளி ஐந்து முழு வருஷங்களின் வேலை நேரத்தைச் சாலையில் தொலைத்திருப்பான்.

1937-இல் ரத்தம் சிந்திப் பெற்ற எட்டு மணி நேரம் இப்படிப் பத்து மணியாக மாறுகிறது. சட்டப் புத்தகத்தில் எட்டு மணி அப்படியே இருக்கிறது. ஆனால் மனை வியாபாரி வாய் திறக்காமலே அதைப் பத்தாக்கிவிட்டான். எந்த முதலாளியாவது “நாளை முதல் இரண்டு மணி கூடுதலாக உழை, கூலி கிடையாது” என்று சொன்னால் நாம் விடுவோமா? மனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது நாமே அதற்குச் சம்மதிக்கிறோம்.

ஆகவே வேலை எங்கே என்று முதலில் பாருங்கள். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர் அரியாங்குப்பத்தில் விலை மலிவென்று வாங்கினால் நகரத்தையே தினம் இரண்டு தடவை குறுக்கே கடக்க வேண்டும். கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரியில் ஷிப்ட் வேலை பார்க்கும் நர்ஸ், இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது பஸ் உண்டா, தெரு விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். திருபுவனை ஆலைத் தொழிலாளிக்கு வில்லியனூர் பக்கமே தோது. கணவனுக்கு ஒரு திசையிலும் மனைவிக்கு மறு திசையிலும் வேலை என்றால், இரவு வேலையும் பிள்ளை வளர்ப்பும் யார் தலையில் அதிகம் விழுகிறதோ, அவர் வேலை செய்யும் இடத்துக்கு அருகில் வாங்குவதே நியாயம்.

மனையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காரில் கூட்டிப் போவார்கள். அதோடு நிற்காதீர்கள். ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகிற நேரத்தில், அந்த இடத்திலிருந்து பஸ்ஸில் வேலைத்தலம் வரை போய்ப் பாருங்கள். பதினைந்து நிமிட விளம்பரத்தின் சாயம் அன்றே வெளுத்துவிடும்.

இரண்டாவது சோதனை: தண்ணீர்

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுவையருகே கரை கடந்தது. 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர், வெங்கட்டா நகர் பகுதிகளில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. கிருஷ்ணா நகரில் சிக்கியவர்களை மீட்க ராணுவமே வந்தது. அவை குடிசைப் பகுதிகள் அல்ல. நடுத்தரக் குடும்பங்கள் கடன் வாங்கிக் கட்டிய வீடுகள். வீடூர் அணை நிரம்பித் திறக்கப்படும்போது சங்கராபரணிக் கரையில் உள்ள மக்களும் தூக்கமின்றி விழித்திருக்கிறார்கள்.

இதை இயற்கையின் சீற்றம் என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. புதுவைப் பகுதியில் 84 ஏரிகள் என்று பெரியவர்கள் கணக்குச் சொல்வார்கள். ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் வேல்ராம்பட்டு ஏரியும் அவற்றில் சேர்ந்தவை. ஏரிக்கு ஏரி வாய்க்கால் உண்டு. அந்த வாய்க்காலை மறித்து மனை போட்டால் தண்ணீர் எங்கே போகும்? தன் பழைய வழியைத் தேடி வீட்டுக்குள்தான் வரும்.

ஆகவே மனையைக் கோடையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போய்ப் பாருங்கள். அந்த இடத்துக்குப் புதிதாக வைத்த ‘நகர்’ பெயரை விட்டுவிட்டு, பழைய பெயர் என்ன என்று அங்குள்ள விவசாயத் தொழிலாளிகளைக் கேளுங்கள். தாங்கல், ஓடை, குட்டை, மதகு என்று அவர்கள் சொன்னால் அதைவிடப் பெரிய அத்தாட்சி தேவையில்லை. பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

வெள்ளம் ஒரு பக்கம், குடிநீர் இன்னொரு பக்கம். புதுவை நகரம் பன்னெடுங்காலமாக நிலத்தடி நீரை நம்பியே வாழ்கிறது. முத்திரையர்பாளையத்து நீர்தான் நகரத்தின் தாகம் தீர்த்தது; பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம் அதற்குச் சாட்சி. ஆனால் ஆழ்குழாய் போட்டு வரைமுறையின்றி உறிஞ்சியதால் கடலோரப் பகுதிகளில் உப்பு நீர் உள்ளே புகுந்து வருகிறது. அக்கம்பக்கத்துக் குழாயைத் திறந்து ஒரு கை தண்ணீர் வாயில் விட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. கேன் தண்ணீருக்கு மாதாமாதம் கொடுக்கும் காசும் வீட்டு விலையோடு சேர்ந்ததே.

கடலோரம் தேடுவோருக்கு இன்னொரு வார்த்தை. அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் 1980-களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கற்சுவர் கட்டியபின், வடக்கே கடல் மணலை அரித்துத் தின்றது. நகரத்துக் கடற்கரை கல்லாயிற்று. கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கத்து மீனவர் குப்பங்கள் வீடுகளை இழந்தன. மீனவ மக்களுக்கு அங்கே இருக்கத் தொழில் காரணம் உண்டு. “கடல் பார்த்த மனை” என்று விற்பவனுக்கு லாபத்தைத் தவிர வேறு காரணம் கிடையாது.

மூன்றாவது சோதனை: காகிதம்

புதுவையில் நிலப் பத்திரம் மற்ற ஊர்களைப் போல அல்ல. பிரெஞ்சு ஆட்சிக் காலத்துப் பத்திரங்கள் நொத்தேர் எழுதிய பிரெஞ்சு மொழிப் பத்திரங்கள். அளவும் ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று இருக்கும். ஓர் ஆர் என்றால் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,076 சதுர அடி. வாரிசுகளில் பாதிப் பேர் பிரான்சில் இருப்பார்கள். ஆளில்லாத வீட்டையும் நிலத்தையும் குறி வைத்துப் போலிப் பத்திரம் தயாரிக்கும் கூட்டம் இங்கே வெகுகாலமாக இயங்குகிறது. காமாட்சியம்மன் கோயில் நிலத்தையே போலிப் பத்திரத்தில் விற்ற வழக்கும், அதில் கைது நடவடிக்கை பதிவு அலுவலர் வரை சென்றதும் புதுவை அறிந்த செய்தி. சாமி நிலத்துக்கே இந்தக் கதியென்றால் ஆசாமி நிலத்துக்கு என்ன பாதுகாப்பு?

எனவே வில்லங்கச் சான்று மட்டும் போதாது. மூலப் பத்திரத்தைத் தமிழில் மொழிபெயர்த்துப் படியுங்கள். சர்வே அலுவலகத்தின் செட்டில்மெண்ட் நகலோடும் பட்டாவோடும் ஒப்பிடுங்கள். எல்லா வாரிசும் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று வக்கீலிடம் காட்டுங்கள். புரோக்கர் கூட்டி வரும் வக்கீல் வேண்டாம். நீங்களே தேடிப் பிடித்த வக்கீல் வேண்டும்.

மனைப்பிரிவுக்கு நகர அமைப்புக் குழுமத்தின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். “வாங்கிப் போடுங்கள், பிறகு வரன்முறை செய்துகொள்ளலாம்” என்பவனிடம் ஒரு நிமிஷமும் நிற்காதீர்கள். அங்கீகாரமில்லாத மனைக்குக் கடன் கிடைப்பது அரிது. கட்டட அனுமதி கிடைக்காது. சாக்கடையும் சாலையும் வர வருஷங்கள் ஆகும்.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வாங்குவோருக்குச் சில ஆயுதங்களைத் தந்திருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டு வீட்டுக்கு மேலாகவோ கட்டி விற்பவர் பதிவு செய்தே தீர வேண்டும். வாங்குவோர் கொடுத்த பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவரே சரிசெய்ய வேண்டும். ஆனால் சிறு சிறு துண்டாகப் பிரித்து அந்த எல்லைக்குக் கீழே விற்பவனை இந்தச் சட்டம் தொடாது. ஏழைகள் வாங்குவது பெரும்பாலும் அந்தத் துண்டுகளைத்தான்!

நான்காவது சோதனை: எல்லையும் பொறுப்பும்

புதுவை ஒரே துண்டான நிலமல்ல. தமிழ்நாட்டின் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு இடையே பல துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. தெருவின் ஒரு முனை புதுவை, மறு முனை தமிழ்நாடு என்றும் உண்டு. எல்லைக்கு அப்பால் விலை குறைவு என்று போகிறவர்கள் எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ரேஷன் கார்டு, வாக்கு, பதிவு அலுவலகம், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் மாறும். புதுவை சர்க்கார் வேலைக்கும் சென்டாக் மூலமான கல்லூரி இடத்துக்கும் புதுவையில் ஐந்து வருஷம் தொடர்ந்து வசித்ததற்கான சான்று கேட்பார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டார் இதை யோசிக்காமல் எல்லை தாண்டக் கூடாது.

அதேசமயம் எல்லைக்கு இந்தப் பக்கம் எல்லாம் தேனும் பாலும் என்று நாம் சொல்லவில்லை. புதுவையில் ரேஷன் கடைகளை வருஷக்கணக்கில் மூடி வைத்து, 2024 அக்டோபரில்தான் மீண்டும் திறந்தார்கள். உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பின் 38 வருஷம் கழித்து 2006-இல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்தபின் பத்தாண்டுக்கும் மேலாகத் தேர்தல் நடக்காமல், நகராட்சிகளும் கொம்யூன் பஞ்சாயத்துகளும் அதிகாரிகள் கையில் விடப்பட்டன. எல்லைக்கு அப்பால் கோட்டக்குப்பம் மக்கள் 2022 பிப்ரவரியில் தங்கள் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வாய்க்கால் அடைத்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த உரிமை புதுவை மக்களுக்கு மறுக்கப்பட்டது. புறநகர்த் தெருக்களில் சாக்கடை ஓடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லையா?

“நல்ல ஏரியா” என்ற பேச்சு

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புரோக்கர்கள் “இது நல்ல ஏரியா, நம்ம ஆட்கள்தான் இருக்கிறார்கள்” என்கிறார்களே, அதன் அர்த்தம் என்ன? அங்கே தலித் குடும்பத்துக்கு மனை கிடையாது, முஸ்லிமுக்கு வீடு கிடையாது என்பதுதான். முன்பணம் வாங்குமுன் நைச்சியமாக ஜாதி கேட்கிறார்கள். காலனிக்குப் பக்கத்து மனை என்றால் விலையைக் குறைக்கிறார்கள். ஊர், சேரி என்று கிராமத்தில் போட்ட கோட்டைப் புறநகரிலும் கல் நட்டு வரைகிறார்கள்.

ஒரே யந்திரத்தில் தோளோடு தோள் நின்று உழைக்கும் தொழிலாளிகள், குடியிருக்கும்போது மட்டும் ஜாதி பார்த்துப் பிரிந்தால் யூனியன் எப்படி நிலைக்கும்? “நல்ல ஏரியா” என்பதற்கு நமது இலக்கணம் வேறு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தண்ணீர், பஸ், எல்லோருக்கும் இடம்: இவை உள்ள ஏரியாதான் நல்ல ஏரியா. ஜாதியைச் சொல்லி விற்பவனிடம் வாங்க மறுப்பது ஒவ்வொரு தோழரின் கடமை.

கடன் என்னும் நீண்ட கயிறு

20 லட்சம் ரூபாய் கடன், 9 சதவீத வட்டி, 20 வருஷம் என்று வையுங்கள். மாதத் தவணை சுமார் 18 ஆயிரம். முதல் வருஷத்தில் 2 லட்சத்து 16 ஆயிரம் கட்டுவீர்கள்; அசலில் கழிவது சுமார் 37 ஆயிரம்தான்! முழுக்கக் கட்டி முடிக்கும்போது கொடுத்திருப்பது 43 லட்சத்துக்கு மேல். ஒரு வீட்டை உங்களுக்கும் ஒன்றுக்கு மேல் வங்கிக்கும் கட்டிக் கொடுக்கிறீர்கள்.

இதில் பெரிய ஆபத்து வட்டிகூட அல்ல. கடனுக்கு இருபது வருஷ ஒப்பந்தம். வேலைக்கோ ஒரு வருஷ ஒப்பந்தம். புதுவையில் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட ஏ.எப்.டி. ஆலை 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு மூடப்பட்டது. சுதேசி, பாரதி ஆலைகளுக்கும் அதே கதி. நிரந்தர வேலை என்று நம்பியவர்களுக்கே இது நடந்தது. தவணை 90 நாள் நின்றால் வாராக்கடன். பிறகு 60 நாள் நோட்டீஸ். 2002-ஆம் வருஷச் சட்டப்படி கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தீர்ப்புப் பெறாமலே வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே நமது யோசனை இது. வீட்டில் ஒருவர் சம்பளம் நின்றாலும் கட்டக்கூடிய தவணைக்குமேல் போகாதீர்கள். தூரத்துப் பெரிய வீட்டைவிட வேலைக்கு அருகே சிறிய வீடு மேல். புது மனையைவிட, ஜனங்கள் குடியிருந்து மழையையும் வெயிலையும் பார்த்துவிட்ட பழைய வீடு பல சமயம் மேல். தவணை தாங்காது என்றால் இன்னும் சில வருஷம் வாடகையில் இருப்பதில் அவமானம் ஏதுமில்லை. “இப்போது விட்டால் விலை ஏறிவிடும்” என்ற பயம் மனை வியாபாரியின் மூலதனம்.

வழி இருக்கிறதா?

இத்தனை சோதனையிலும் தேறும் வீடு, தொழிலாளியின் கைக்கு எட்டும் விலையில் புதுவையில் எத்தனை இருக்கிறது என்று வாசகர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அருகில் இருப்பது எட்டாது, எட்டுவது அருகில் இல்லை என்பதே நிலை. எவ்வளவு சாமர்த்தியமாகத் தேடினாலும் தனி ஒருவர் இதைத் தீர்க்க முடியாது. நிலம் சரக்காக இருக்கும்வரை, சாலையும் பஸ்ஸும் பொதுப்பணத்தில் வரும். அதனால் ஏறும் விலை மட்டும் தனியார் பையில் விழும்.

ஆனால் வழியே இல்லையென்பது பொய். கேரளத்தில் தோழர் அச்சுத மேனன் தலைமையிலான அரசு நிலச் சீர்திருத்தத்தின் மூலம் குடிகிடப்புக்காரர்களுக்குக் குடியிருந்த மண்ணைச் சொந்தமாக்க வழி செய்தது: கிராமத்தில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து, மாநகரத்தில் மூன்று. அதே அரசில் அமைச்சராக இருந்த தோழர் எம்.என். கோவிந்தன் நாயர் 1972-இல் லட்சம் வீட்டுத் திட்டத்தைத் தொடங்கினார். சமூக ஜனநாயகவாதிகள் ஆண்ட வியன்னா நகரம், 1919-க்கும் 1934-க்கும் இடையே பணக்காரர் மீது வீட்டு வரி போட்டு 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டி, தொழிலாளருக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தது. 1930-இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் மாளிகையில் மட்டும் 1,382 வீடுகள். நமது உறவினர் பலர் வாழும் சிங்கப்பூர் முதலாளித்துவ நாடுதான். அங்கேயே 1960 முதல் அரசு வீட்டு வாரியம் கட்டிய வீடுகளில் மக்களில் பெரும்பாலோர் குடியிருக்கிறார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நிலம் இல்லையா? சேதராப்பட்டு, கரசூர் பக்கத்தில் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று சொல்லி விவசாயிகளிடமிருந்து 800 ஏக்கருக்கு மேல் எடுத்து, வருஷக்கணக்கில் முள் முளைக்க விட்டார்கள். முதலாளி கேட்டால் நிலம் கிடைக்கிறது. தொழிலாளி கேட்டால் நிலம் இல்லை!

ஆகவே நாம் கோருகிறோம்:

(1) மூடப்பட்ட மூன்று ஆலைகளின் நிலத்தில் ஓர் அடிகூட மனை வியாபாரிகளுக்குப் போகக் கூடாது. அங்கே தொழில் நடக்க வேண்டும். ஒரு பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு எழ வேண்டும்.

(2) தொழிற்பேட்டைகளை ஒட்டிய அரசு நிலத்தில் வீட்டுவசதி வாரியம் குறைந்த வாடகைக் குடியிருப்புகளைக் கட்ட வேண்டும்.

(3) ஏரி, வாய்க்கால் நிலத்தில் எந்த மனைப்பிரிவுக்கும் அனுமதி கூடாது. வடிகாலும் குடிநீரும் போட்ட பிறகே விற்க விட வேண்டும்.

(4) 1879-இல் போட்ட விழுப்புரம்–புதுவை ரயில் பாதையில் ஷிப்ட் நேரத்துக்கு ஏற்ற ரயில்கள் ஓட வேண்டும். புறநகரெங்கும் இரவு பஸ் வேண்டும்.

(5) பூட்டிக் கிடக்கும் பணக்கார வீடுகளுக்குத் தனி வரி போட்டு, அந்தப் பணத்தை ஏழைகள் வீட்டுக்குச் செலவிட வேண்டும்.

(6) உள்ளாட்சித் தேர்தல் ஐந்து வருஷத்துக்கொரு முறை தவறாமல் நடக்க வேண்டும்.

இவை கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரே ஆலையில், ஒரே ஆபீசில் பத்துப் பேர் வீடு தேடினால் பத்துப் பேரும் சேர்ந்து தேடுங்கள். ஒரே வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டுங்கள். மழைக்காலத்தில் சேர்ந்து போய் இடத்தைப் பாருங்கள். தனியாளாய் நிற்கும்போது புரோக்கர் சொல்வதே விலை. பத்துப் பேராய் நிற்கும்போது பேரம் நம் கைக்கு வரும். ஏற்கெனவே குடியேறியவர்கள் தெருவுக்குத் தெரு குடியிருப்போர் சங்கம் அமையுங்கள். அதில் சொந்த வீட்டுக்காரரும் வாடகைக்கு இருப்பவரும் சமமாக உட்காரட்டும்.

எட்டு மணி நேர வேலை என்பது வெறும் ஆலைக் கணக்கு அல்ல. எட்டு மணி உழைப்பு, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி தனக்கும் குடும்பத்துக்கும் என்பதே உலகத் தொழிலாளி வகுப்பின் முழக்கம். பிள்ளை தூங்குமுன் வீடு திரும்பும் உரிமையும் அதில் அடக்கம். அந்த உரிமையை ஆலை வாசலில் நின்று வென்ற புதுவைத் தொழிலாளி வகுப்பு, அதைப் புறநகர்ச் சாலையில் தொலைத்துவிடச் சம்மதிக்காது.